டிங்கர் பதில்கள்: குதிக்கும் காரும் சிக்பேட்டை லேஸும்

(பெங்களூர் அல்சூரில் கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘லோரைடர்’ கார்களைப் பற்றியே. தரையை ஒட்டித் தாழ்த்தி, அலங்கரித்து, மெதுவாக ஓட்டுகிற கார்களுக்கும் அவற்றை ஓட்டுபவர்களுக்கும் அமெரிக்காவில் அதுதான் பெயர்.)

கே: ரீல்ஸில் ஒரு பழைய அமெரிக்கக் கார் நின்ற இடத்திலேயே குதிக்கிறது. எப்படி அண்ணா? — கல்லூரி மாணவர், கம்மனஹள்ளி

எல்லாம் எண்ணெய் செய்கிற வேலை, தம்பி. அந்தக் காரின் டிக்கியில் பெட்டி வைக்க இடமே இருக்காது. வரிசையாக பேட்டரி, பக்கத்தில் பம்ப். சுவிட்சைத் தட்டினால் பம்ப் எண்ணெயை ஸ்பிரிங்கோடு இருக்கும் சிலிண்டருக்குள் தள்ளும், கார் எழும். வால்வைத் திறந்தால் எண்ணெய் டேங்குக்குத் திரும்பும், கார் படுக்கும். ஜேசிபி கை தூக்குவதும் இதே முறையில்தான். பேட்டரிகளை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 48, 72 வோல்ட் என்று ஏற்றினால் எழும்புகிற வேகத்தில் சக்கரமே தரையை விட்டுக் கிளம்பிவிடும். சேஸிஸுக்குத் தகடு வைத்து வெல்டிங் போடாமல் இந்த விளையாட்டு விளையாடினால் ஃபிரேம் முறியும்.

ஆனால் இது வந்தது குதிக்க அல்ல, போலீஸுக்குத் தப்ப! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய ஷெவர்லேக்களை வாங்கி, டிக்கியில் மணல் மூட்டை போட்டும் ஸ்பிரிங்கை வெட்டியும் தாழ்த்தி ஓட்டினார்கள். வீல் ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்று 1958இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. மறுவருஷமே ரான் அகிர்ரே என்பவர் விமானத்திலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பம்பை, அதாவது இந்த எண்ணெய் பம்பை, தன் கார்வெட் காரில் மாட்டிவிட்டார். போலீஸைக் கண்டால் ஏற்றிக்கொள்ளலாம், போனதும் இறக்கிக்கொள்ளலாம். என்ன மூளை பாருங்கள்!

கே: என் 1988 பத்மினி காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டித் தரக் கேட்டதற்கு உங்கள் பட்டறையில் முடியாது என்றுவிட்டார்கள். ஏன் சார்? — வாசகர், ஸ்ரீராம்புரம்

நான்தான் முடியாது என்று சொல்லச் சொன்னேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மீறினால் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். வெட்டிய ஸ்பிரிங், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருந்த இடத்தை விட்டு நழுவும். அப்புறம் நம் லேஅவுட்டுகளில் வீட்டுக்கு வீடு போட்டு வைத்திருக்கும் ஹம்ப், அதாவது வேகத்தடை? சைலன்சரை வாரம் ஒரு தடவை மாற்ற வசதி இருந்தால் பேசலாம்.

கே: லோரைடர் கார்களுக்குக் கேண்டி பெயின்ட் என்கிறார்களே, அது மெட்டாலிக்தானே? — பெயின்டர், ஜே.சி. ரோடு பக்கம்

தொழில்காரர் கேட்டால் விரிவாகத்தான் சொல்லணும். மெட்டாலிக் வேறு, இது வேறு. மெட்டாலிக்கில் நிறமும் மினுக்கும் ஒரே கோட்டிங்கில் வந்துவிடும். கேண்டியில் அடியில் வெள்ளியோ பொன்னோ அடித்து, மேலே ஒளி ஊடுருவும் சாயத்தைக் கோட்டிங் கோட்டிங்காக ஏற்றுவார்கள். வெளிச்சம் சாயத்தைத் தாண்டிப் போய், வெள்ளியில் பட்டுத் திரும்பி வரும். வெயிலில் நிறுத்தினால் பெயின்டுக்குள் விளக்கு போட்ட மாதிரி இருக்கும். வினையும் அங்கேதான். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நிறம் கூடுவதால் கை ஒரு நொடி தயங்கிய இடம் கருத்துப்போகும், ஓவர்லாப் பிசகினால் புலிக்கு இருப்பது போல வரி விழும். நாளைக்கு ஒரு ஆட்டோ கீறிவிட்டுப் போனால் டச்-அப் செய்ய முடியாது. அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கணும்.

இதில் எனக்குப் பிடித்தது லேஸ் வேலை. கூரையில் வெள்ளி காய்ந்ததும் லேஸ் துணியை இறுக்கி விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டி, மேலே மெல்லிசாக நிறம் ஊதுவார்கள். துணியை உரித்தால் பூவேலை அப்படியே தகரத்தில் இறங்கியிருக்கும். அதன் மேல் கேண்டி, நிறமில்லாத கிளியர், 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்ப்பு, பாலிஷ். ஒரு பத்மினிக் கூரைக்காகச் சிக்பேட்டையில் லேஸ் கேட்டேன். “ப்ளவுஸுக்கா, பாவாடைக்கா?” என்றார் கடைக்காரர். “காருக்கு” என்றதும் உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஓட்டை பெரிசாக, நூல் தடிப்பாக இருப்பதை எடுங்கள். மெல்லிய நெட் ஊறி ஒட்டிக்கொள்ளும். காரின் நிறமே மாறுகிறது என்றால் ஆர்.சி.யிலும் மாற்றணும், மறக்காதீர்கள்.

பெயின்டுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? ஜெஸ்ஸி வலாடெஸ் என்ற லோரைடரின் ‘ஜிப்ஸி ரோஸ்’ என்ற 1964 ஷெவர்லே இம்பாலா கார், உடம்பெல்லாம் ரோஜாப்பூ. 2017இல் அதை அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

கே: தினமும் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் நத்தை வேகத்தில் போகிறேன். நானும் லோரைடர்தானே? — ஐ.டி. ஊழியர், எலெக்ட்ரானிக் சிட்டி

இல்லை சார். உங்களுக்கு வழியில்லை, லோரைடர்களுக்கு அவசரமில்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் புலிவார்டில் பாட்டைப் போட்டு, ஜன்னலில் கையை வைத்து, போன ரோட்டிலேயே திரும்பி வருவார்கள். பார்க்கணும், பார்க்கப்படணும், அவ்வளவுதான். அதையும் பல ஊர்களில் தடை செய்திருந்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா முழுவதும் அந்தத் தடைகளும், பழைய 1958 சட்டமும் போய்விட்டன.

கே: என் 12 வயது மகள் இந்தக் கார்களைப் பார்த்துவிட்டு சைக்கிளை அப்படி மாற்றணும் என்கிறாள். நடக்கிற காரியமா அண்ணா? — ஒரு தாய், மர்ஃபி டவுன்

பேஷாக நடக்கும், அம்மா. கார் வாங்க வயசும் காசும் இல்லாத பிள்ளைகள் அங்கே சைக்கிளில்தான் ஆரம்பித்தார்கள். 1963இல் வந்த ஷ்வின் ஸ்டிங்-ரே சைக்கிள்தான் அவர்களுக்கு இம்பாலா. நீள வாழைப்பழ சீட், உயர்ந்த ஹேண்டில்பார், 20 இஞ்ச் சக்கரத்தில் 144 கம்பி வரை. இங்கே சைக்கிளுக்கு ஆர்.சி.யும் கிடையாது, 52ஆம் பிரிவும் கிடையாது. ஃபிரேமை மட்டும் ரொம்பத் தாழ்த்த வேண்டாம், திருப்பத்தில் பெடல் தரையில் இடிக்கும். பிரேக்கில் கை வைக்கவே கூடாது. சைக்கிளைக் கழற்றி, பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வரட்டும். ஸ்பிரே கன்னை அவள் கையிலேயே கொடுக்கிறேன். மாஸ்க் போடாமல் உள்ளே விடமாட்டேன், அதையும் சொல்லி அனுப்புங்கள்.