வயலிலேயே கிடப்பவருக்கு வைட்டமின் டி குறையுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. அப்பாவுக்கு வயது 58. குடியை விட்டுவிட்டார். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் இரண்டு முறை நீர் எடுத்தாகிவிட்டது. இப்போது வைட்டமின் டி 11 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வெயிலில் உழைப்பவருக்கு எப்படிக் குறைந்தது? 6 லட்சம் யூனிட் ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி வரும், காய்ச்சல் அண்டாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

பதில்: அந்த ஊசி வேண்டாம். குறைபாட்டைச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் அளவோடு.

முதலில் வெயில். விடிவதற்குள் வயலுக்குப் போய், முண்டாசும் முழுக்கைச் சட்டையுமாக வேலை பார்த்துவிட்டு, உச்சி வெயிலுக்கு முன் கரையேறுவதுதான் நம் பக்கத்து வழக்கம். வைட்டமின் டி-யை உண்டாக்கும் புறஊதா கதிரோ காலை பத்து மணிக்கு மேல்தான் நன்றாக இறங்குகிறது. கறுத்த தோலுக்கு அதுவும் கூடுதல் நேரம் படவேண்டும்.

தோல் தருவது நெல் மாதிரி. கல்லீரலில் அவிந்து, சிறுநீரகத்தில் அரைபட்ட பிறகுதான் அரிசி. அப்பாவுக்கு அவிக்கிற இடமே பழுதாகியிருக்கிறது. பித்தநீர் சரியாகச் சுரக்காவிட்டால், கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் உணவிலிருந்தும் குடலில் சரியாக ஏறாது. இதை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தையும் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அது குறைந்திருப்பதாலும் ரிப்போர்ட்டில் எண் இறங்கித் தெரியும்.

எதிர்ப்புச் சக்தி என்று அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள், கல்லீரல் அனுப்பும் வைட்டமின் டி-யைத் தாங்களே செயல்வடிவத்துக்கு மாற்றி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகின்றன. ஆனால் கல்லீரல் சுருங்கியவருக்குத் தொற்று வர வேறு காரணங்களும் உண்டு. குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரல் முன்போல் வடிகட்டுவதில்லை. குடல் கிருமிகள் தப்பி, வயிற்று நீரில் போய்ச் சேருகின்றன. வைட்டமின் டி கொடுத்தால் இந்தத் தொற்று குறையும், ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. எலும்புக்கும் தசைக்கும் தேவை என்பதற்காகவே கொடுக்கிறோம்.

வழக்கமாக 60,000 யூனிட் சாஷேயை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்குத் தருவோம். எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து கொடுங்கள். மூன்று மாதம் கழித்து வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பார்க்க வேண்டும். அளவு மீறினால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். அந்தக் குழப்பத்தை ஈரல் நோயால் வந்த மயக்கம் என்று நினைத்து ஏமாறவும் வாய்ப்புண்டு. ஊசியில் எனக்குப் பெரிய பயமே இதுதான்: உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

நீங்கள் கண்காணிக்க வேண்டியது வேறு. காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் குறைவது, பகலில் தூங்கி வழிவது, பேச்சு தடுமாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயிற்று நீரில் தொற்று இருந்தும் சிலருக்குக் காய்ச்சலே வராது. போனதும், வயிற்று நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐத் தாண்டினால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். உடம்பு வலி என்று கடையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

காலில் வெட்டோ சேற்றுப்புண்ணோ இருந்தால் ஆறும்வரை வயலில் இறங்க வேண்டாம். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் போனால் புண்ணோடு உப்புநீரில் கால் வைக்கக் கூடாது. நண்டு, சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடவும் கூடாது. அங்கெல்லாம் வாழக்கூடிய விப்ரியோ கிருமி, ஈரல் கெட்டவருக்கு ஓரிரு நாளில் உயிராபத்தாகிவிடும். ஹெபடைடிஸ் பி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை அப்பா போட்டிருக்கிறாரா? இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதலில் அதைக் கேளுங்கள்.