5,000 பவுண்டுக்கு டீசல் பிஎம்டபிள்யூ: வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். லண்டன் வந்து நான்கு மாதம். ஹவுன்ஸ்லோவில் வீடு, ஹேய்ஸில் வேலை. மனைவி நர்ஸ், பாதி நாள் இரவு ஷிஃப்ட், நீங்கள்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர வேண்டும். 2012 மாடல் பிஎம்டபிள்யூ 520டி ஒன்று, ஒரு லட்சம் மைல் ஓடியது, 5,000 பவுண்டுக்கு வருகிறது. ஊரில் இந்தக் காரைக் கிட்டே போய்க்கூடப் பார்த்ததில்லை, வாங்கிவிடலாமா என்கிறீர்கள்.

உங்களுக்கு அது வேண்டாம். கார் மோசம் என்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் எனக்கு வாராவாரம் பர்மிங்ஹாம் போய் வரும் வேலை இருந்தது. அப்போது டீசல் சலூன்தான் வைத்திருந்தேன், மோட்டர்வேயில் அதைப்போல அலுப்பில்லாமல் ஓடும் வண்டி குறைவு. ஆனால் தினமும் ஐந்தாறு மைல், அதுவும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு அந்த எஞ்சின் ஒத்துவராது.

அந்த விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். 2012-இல் வந்த 520டி பெரும்பாலும் யூரோ 5 (புகை அளவுக்கான ஐரோப்பியத் தரம், எண் கூடக் கூடப் புகை குறைவு). யூலெஸ் கட்டணம், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் நாள் கட்டணம், இல்லாமல் ஓட டீசல் கார் யூரோ 6 ஆக இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவானவை. 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹவுன்ஸ்லோ உட்பட லண்டன் முழுக்க யூலெஸ்தான். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மாதம் 22 நாள் எடுத்தாலே 275 பவுண்டு. அவர்கள் கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. மனைவியைக் கூட்டிக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்பி பன்னிரண்டு தாண்டி வீடு வந்தால் இரண்டு நாள் கட்டணம். கட்ட மறந்தால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டன் போக்குவரத்துத் துறையான டிஎஃப்எல் தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் அந்தக் காருக்குக் கட்டணம் உண்டா என்று உடனே சொல்லிவிடும். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

டீசல் என்றால் செலவு குறைவு என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே பங்க்கில் பெட்ரோலைவிட டீசல்தான் பெரும்பாலும் விலை அதிகம். ரோடு டாக்ஸ் குறைவு என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், அந்த வருடத்து கார்களுக்குக் கார்பன் அளவை வைத்துத்தான் வரி. ஆனால் அந்த மிச்சமெல்லாம் யூலெஸில் சில வாரத்திலேயே கரைந்துவிடும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். முதல் தலைவலி டிபிஎஃப், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவு சூட்டில் அதுவே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். எம்4-இல் ஸ்விண்டன் வரை போய் வருகிறவருக்கு அது தானாக நடந்துவிடும், தெரியக்கூடத் தெரியாது. உங்கள் ஓட்டத்தில் எரிக்க ஆரம்பிக்கும்போதே வீடு வந்துவிடும். அப்படிப் பாதியில் நின்றால், எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போனால் டர்போவுக்கும் செயினுக்கும் கேடு.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் ஃபில்டரைக் கழுவுவார்கள், மாற்றுவார்கள், சில மாதத்தில் விளக்கு மறுபடி எரியும். காரணம் பல நேரம் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு. பிஎம்டபிள்யூ டீசல்களில் அது பழுதாகித் திறந்தபடியே நின்றுவிடும், எஞ்சின் எழுபது டிகிரியைத் தாண்டவே திணறும், அந்தச் சூட்டில் கரி எரிப்பு தொடங்காது. கார் கணினியின் தகவலைப் படித்துக் காட்டும் ஒரு மலிவு ஓபிடி ரீடரைச் செருகி, இருபது நிமிடம் ஓட்டிய பிறகு கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் 85 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் எந்த டீசலையும் வாங்காதீர்கள். ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2014 பிப்ரவரியிலிருந்து அது இல்லாத கார் எம்ஓடி என்ற வருடாந்திரப் பரிசோதனையில் தேறாது, ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் உண்டு.

அடுத்தது டைமிங் செயின், எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடச் செய்யும் சங்கிலி. இந்த 520டியில் இருக்கும், 2007-இல் வந்த என்47 என்ற 2 லிட்டர் எஞ்சினில் செயினை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டி வைத்துவிட்டார்கள். செயின் தேய்ந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பல கராஜ்களில் எஞ்சினையே வெளியே எடுப்பார்கள். உதிரிப்பாகத்தைவிடக் கூலி அதிகம், 5,000 பவுண்டு காரில் பாதி விலை அதிலேயே போய்விடும். கவனிக்காமல் விட்டு அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே முடிந்தது. 2011 தொடக்கம் வரை வந்தவற்றில்தான் புகார் மிக அதிகம். பிறகு பாகங்களை மாற்றினார்கள், உங்கள் 2012 கார் அந்த வகையில் கொஞ்சம் தேவலை. இருந்தாலும் ஆயில் மாற்றாத காரை எந்த மாற்றமும் காப்பாற்றாது. கார் கணினி 18,000 மைல் வரைகூட ஆயில் மாற்றாமல் ஓட்ட அனுமதிக்கும். லீஸுக்கு எடுத்தவர் மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார், அவருக்கு என்ன? பத்தாயிரம் மைலுக்கு ஒருமுறையாவது ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து 1,500, 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பிடித்து, முன் கண்ணாடிப் பக்கம், செயின் இருக்கும் இடத்தில், காது கொடுங்கள். இரும்பு உரசுவது போலவோ கிலுகிலுவென்றோ கேட்டால் பேரமே பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம், கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்துக்காக பிஎம்டபிள்யூ 2018-இல் தன் டீசல் கார்களைப் பெரிய அளவில் திரும்ப அழைத்தது. இந்தக் காருக்கு அந்த வேலை நடந்ததா என்று அரசுத் தளத்தில் நம்பர் போட்டுப் பார்க்கலாம், பாக்கி இருந்தால் இலவசமாகச் செய்து தருவார்கள். எம்ஓடி வரலாறும் அங்கேயே கிடைக்கும், மைல் கணக்கு வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா பாருங்கள். ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இதற்குப் பதில் மெர்சிடிஸ் இ220 பார்க்கலாமே என்று தோன்றும். 2009, 2010 வண்டிகளில் இன்ஜெக்டர் தொல்லை, செயினும் பின்பக்கம்தான். முன்சக்கர ஓட்ட ஆடி ஏ6 என்றால் மல்டிட்ரானிக் என்ற ஆட்டோ கியர்பாக்ஸ் உள்ளதைத் தொடாதீர்கள்.

அப்புறம், டீலரிடம் வாங்கினால் பழுதான காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் உரிமை உண்டு, தனியாரிடம் அது கிடையாது. யாரிடம் வாங்கினாலும் கார்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பணம் கட்டிச் சோதித்துவிடுங்கள். லாக்புக்கில் (காரின் பதிவு ஆவணத்தில்) பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

உங்கள் ஓட்டத்துக்கு 2008, 2010 வாக்கில் வந்த பெட்ரோல் ஹோண்டா ஜாஸ், டொயோட்டா ஆரிஸ் மாதிரி ஒன்று போதும், யூலெஸ் கட்டணமும் வராது. பெரிய கார்தான் வேண்டும் என்றால் பெட்ரோல் லெக்சஸ் பாருங்கள். இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள், தியரி, பிராக்டிகல் இரண்டு தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும். லைசென்ஸைப் பொறுத்து இன்சூரன்ஸும் மாறும், அதனால் காரைப் பார்க்கப் போகும் முன் அந்த 520டி நம்பரையும் ஒரு ஜாஸ் நம்பரையும் போட்டு இன்சூரன்ஸ் விலை எடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் இந்தியாவுடையது என்பதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். இரண்டு தொகையும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.