மாற்றியமைத்த பழைய ராணுவ ரைஃபிள்: வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் ரைஃபிளுக்கான லைசென்ஸ் இருக்கிறது. அண்ணா நகரில் ஒரு பெரியவர் தன் லீ-என்ஃபீல்டு ரைஃபிளை விற்கிறார். முதல் உலகப் போர் காலத்து ராணுவத் துப்பாக்கி, பின்னால் .315 (தோட்டா அளவு, அங்குலத்தில்) பேரல் போட்டு வேட்டைத் துப்பாக்கி மாதிரி மாற்றியது என்கிறார். பழம்பொருள் என்பதால் புதுத் துப்பாக்கியைவிட அதிக விலை சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். பழம்பொருள் என்ற மதிப்பு, ராணுவத்தில் இருந்தபடியே மாறாமல் இருக்கும் துப்பாக்கிக்குத்தான். 1907ல் வந்த மூன்றாம் மார்க் (மாடல்) லீ-என்ஃபீல்டில் மரக்கட்டை பேரலின் நுனிவரை ஓடும். நுனியில் கத்தி மாட்டுகிற இரும்பு மூடி இருக்கும். வேட்டைக்காக மாற்றுகிறவர்கள் முதலில் வெட்டுவது அந்தக் கட்டையைத்தான். டெலஸ்கோப் மாட்ட மேலே துளையும் போட்டிருந்தால், எவ்வளவு செலவழித்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் இதை வேலைக்கு உதவும் துப்பாக்கியாக மட்டும் வைத்து விலை பேசுங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண .315 என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு துப்பாக்கிக் கடைகளில் விசாரியுங்கள். அதுதான் உச்சவரம்பு.

இன்னொரு சந்தேகம். லீ-என்ஃபீல்டின் அசல் அளவான .303 ராணுவத் தோட்டா என்பதால் தனியாருக்கு அது தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் மேற்கு வங்கத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே என்ஃபீல்டு அமைப்பில் .315 ரைஃபிளைப் பொதுமக்களுக்கென்றே செய்தது. பெரியவரிடம் இருப்பது அதுவாகவும் இருக்கலாம், ராணுவத்தையே பார்த்திராத துப்பாக்கி. போல்ட் (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை) கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தின் வலது பக்கம் பாருங்கள். ராணுவத் துப்பாக்கியென்றால் கிரீடம், தொழிற்சாலையின் பெயர், வருடம், மார்க் எண் எல்லாம் அங்கே வரிசையாகக் குத்தியிருக்கும்.

எண்களை அவசரமில்லாமல் பாருங்கள். போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஒரு எண், துப்பாக்கியின் உடலில் ஒரு எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரியவரின் லைசென்ஸில் உள்ள எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டிருந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடிப்போய், சுடும்போது பித்தளைக் கூடு கிழியலாம். முகத்துக்கு நேரே நடக்கிற விஷயம் அது. துப்பாக்கி மெக்கானிக் அளவுக்கட்டை வைத்து இடைவெளியை அளந்து சொல்லட்டும்.

எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால் தொடாமல் திரும்பிவிடுங்கள். அப்படிப்பட்ட துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

அப்புறம் பேரல். போல்ட்டைக் கழற்றி, பேரல் நுனிக்கு முன்னால் வெள்ளைத் தாளை வெளிச்சம் பட வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். பேரலுக்குள் வெட்டிய வரிகள் கூர்மையாகச் சுழன்று போக வேண்டும். நான் பார்த்த ஒன்றில் கட்டை கண்ணாடி போலப் பாலிஷ் போட்டிருந்தது. உள்ளே பழைய தண்ணீர்க் குழாய் மாதிரி சொரசொரவென்று குழி. அந்தக் காலத் தோட்டாக்களின் அடியில் பற்றவைக்கிற மருந்து உப்பை விட்டுப் போகும். நம் ஊர்க் கடற்காற்று மீதியைச் செய்துவிடும். இப்படி இருந்தால் சொன்ன விலையில் பாதிகூட அதிகம். பேரலின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ராணுவ அளவு சுமார் 25 அங்குலம். அதைவிடக் குறைவாக இருந்தால், அனுமதியோடுதான் குறைத்தார்களா என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பேரலைக் குறைப்பது குற்றம். பேரல் மாற்றியதற்கும் கடை ரசீது வேண்டும். "அப்பா காலத்தில் செய்தது" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

காகித வேலையும் இருக்கிறது. தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதென்றால் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாறலாம். உங்கள் லைசென்ஸில் .315 ரைஃபிளுக்கு இடமிருக்கிறதா என்பதை வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். இதெல்லாம் முடியும்வரை முன்பணமாகச் சிறு தொகை மட்டும் கொடுங்கள். மெக்கானிக் சோதனையில் தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று பெரியவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எழுதித் தரத் தயங்கினால் வேறு துப்பாக்கி பாருங்கள்.