யானை லத்தி பொறுக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

"பிளஸ் டூவில் 560 வாங்கியவள், யானை லத்தி பொறுக்கப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?" என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். சொந்தக்காரர்களை விடுங்கள், உங்கள் பெண் சொல்வது என்ன என்று பார்ப்போம்.

யானைக்கு நார்ச்சத்தைத் தானாகச் செரிக்கத் தெரியாது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் பிரித்துக் கொடுக்கின்றன. குட்டி தாயின் லத்தியைத் தின்பது அவற்றைப் பெறுவதற்குத்தான் என்கிறார்கள். எந்த விலங்கின் குடலில் எந்தெந்த பாக்டீரியா, காடு சுருங்கித் தீனி மாறினால் அவை என்ன ஆகின்றன என்பதைத்தான் உங்கள் பெண் சொல்லும் இந்தத் துறை, விலங்குகளின் குடல் நுண்ணுயிர் ஆய்வு, பார்க்கிறது. அதற்கு விலங்கைத் தொடவே வேண்டாம். யானை நகர்ந்து போகும்வரை காத்திருந்து, சூடாறாத லத்தியை உடைத்து, மண் படாத நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆல்கஹால் குழாயில் போட்டு, நேரமும் இடமும் எழுதி ஒட்டினால் காட்டு வேலை முடிந்தது. ஆய்வகத்தில் அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் என்ற மரபணுவின் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிப்பார்கள் (சீக்வென்சிங்). சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள அந்த மரபணுவில் ஒன்பது பகுதிகள் வகைக்கு வகை மாறும். அதை வைத்துத்தான் யார் எவர் என்று பிரிப்பது. கூடவே லத்தியே போடாத வெறுங்குழாய் ஒன்றும் போகும். அதிலும் பாக்டீரியா தெரிந்தால், கோளாறு நம் கையிலோ ரசாயனத்திலோ இருக்கிறது என்று அர்த்தம்.

காட்டுக்குள் பெண்பிள்ளை தனியாகவா என்று கேட்டிருந்தீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது; காடு தெரிந்த வாட்சர் ஒருவர் வழக்கமாகக் கூட வருவார். எனக்கு அந்தப் பயம் இல்லை. எனக்குள்ள கவலைகள் வேறு.

முதலாவது, காலம். கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் பபூன் குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே 14 ஆண்டுகளில் 585 குரங்குகளிடமிருந்து சேர்த்த 16,234 எச்ச மாதிரிகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. குடல் பாக்டீரியாவில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்று காட்டியது அது. குரங்குக்கு ஒரு மாதிரி மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட கண்ணிலேயே படவில்லை. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.எஸ்சி. இரண்டு வருடம், பி.எச்டி. ஐந்தாறு வருடம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், கையேந்த வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலை முப்பதை ஒட்டித்தான். இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர். காட்டில் சில வாரம் என்றால் திரை முன்னால் பல மாதம். லினக்ஸ், ஆர் (R), பாக்டீரியா தரவை அலசும் சைம் 2 (QIIME 2) என்று மென்பொருள்களில் கட்டளை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காட்டை விரும்பி வந்து, இதைப் பார்த்ததும் ஓடியவர்கள் உண்டு. அதே சமயம் சோறு போடுவதும் இதுதான். மருத்துவப் பரிசோதனை, உணவு, விவசாயம் என்று எங்கே போனாலும் வரிசைத் தரவைப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை.

மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் உங்கள் பெண்ணின் ஆசை மரபணுப் பக்கம். அதனால் நுண்ணுயிரியலோ பயோடெக்னாலஜியோ எடுக்கட்டும், விலங்கை பி.எச்டி.யில் சேர்த்துக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற மத்திய உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் அழியும் நிலையிலுள்ள விலங்குகளுக்கென்றே இருக்கிறது. அந்தப் பக்கமும் ஒரு கண் வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். வெளியான ஆய்வுகளின் வரிசைத் தரவு என்சிபிஐ (NCBI) என்ற அமெரிக்க அரசின் உயிரியல் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த விடுமுறையில் ஏதாவது ஒரு விலங்கின் தரவை இறக்கி, பாக்டீரியா வகைகளை ஒப்பிடும் வரைபடம் ஒன்றைத் தானே போட்டுப் பார்க்கட்டும். நூறு தடவை எர்ரர் வரும். ஒரு மாதம் கழித்து, வரைபடம் வந்தாலும் வராவிட்டாலும், என்ன நடந்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.