கண்புரை அறுவைக்குப் பின் மங்கும் பார்வை: மொரீஷியஸ் வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, கண்புரை எடுத்த பின் நன்றாகத் தெரிந்த கண், ஐந்தாம் வாரத்தில் மங்கிவிட்டது. வைத்த லென்ஸ் பழுதா? (ரோஸ்ஹில் வாசகி)

பதில்: லென்ஸ் பழுதாவது அரிது. அறுவையின் பின் கண்ணுக்குள் சுரக்கும் அழற்சிப் பொருள்களால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, அந்த நீர் நடுப்பார்வைக்குரிய மாகுலாவில் சிறு சிறு பைகளாகத் தேங்குவதுண்டு. 1953இல் கண் மருத்துவர் இர்வின் விவரித்த இந்த வீக்கம் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் தலைகாட்டும் என்பதால், உங்கள் ஐந்தாம் வாரக் கணக்கு அதனோடு பொருந்துகிறது. வலியும் சிவப்பும் சேர்ந்திருந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: விழித்திரையைப் புகைப்படம் எடுத்து, "ஒன்றுமில்லை" என்றார்கள். பிறகு ஓசிடி என்ற ஸ்கேன் ஏன்?

பதில்: புகைப்படம் விழித்திரையை எதிரே நின்று பார்க்கிறது; இரத்தக்கசிவு தெரியும், தடிப்பு எளிதில் தெரியாது. 1991இல் அறிமுகமான ஓசிடியோ, அகச்சிவப்பு ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டு, கேக்கை வெட்டிப் பார்ப்பதுபோல அடுக்கடுக்காகக் காட்டி, தடிப்பை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கிறது. தேங்கிய நீர் அதில் கருங்குழிகளாகத் தெரியும். ஊசியும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஐயம் நீங்காதபோது மட்டுமே கையில் ஃபுளூரசீன் சாயம் ஏற்றிப் படமெடுப்போம். கசிவு பூவிதழ்போல விரியும். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம்.

ஓசிடி அச்சுப்படியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு நிறுவனக் கருவியின் அளவு மற்றொன்றோடு அப்படியே ஒத்துப்போகாது. ஆகவே அடுத்த முறையும் அதே கருவியில் எடுப்பதே நல்லது. மோக்காவில் பாரதியின் பெயர் தாங்கிய கண் மருத்துவமனைக்குப் போனாலும், தனியாரிடம் போனாலும் பழைய அச்சுப்படி கையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு நீரிழிவு. அறுவைக்கு முன்பே ஸ்கேன் தேவையா?

பதில்: தேவை. நம் தீவில் நீரிழிவு பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முன்பே இருந்த வீக்கம் எது, அறுவையால் வந்தது எது என்று பிரித்தறிய முதற்படம் இல்லாவிட்டால், சொட்டு மருந்து போதுமா, கண்ணுக்குள் ஊசி வேண்டுமா என்று முடிவெடுப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: வீக்கத்துக்குச் சொட்டு மருந்து தந்துள்ளார்கள். தைப்பூச விரதத்தில் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலோருக்கு வீக்கம் வடிய வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும்; இடையில் விட்டால் திரும்பிவரலாம். கண்ணில் விடும் சொட்டு விரதத்தைக் கெடுக்குமா என்று உங்கள் கோயில் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் சிகிச்சை பெற்றபடியே காவடி எடுத்தவர்கள் யாரும் விரதத்துக்காக மருந்தை நிறுத்தியதில்லை.