ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி இருக்கிறது என்று மக்களிடம் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

சுகாதாரக் கணக்கெடுப்புக்காகக் கிராமம் கிராமமாக அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) புராஜெக்டுக்காக எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1 முதல் 5 வரை மார்க் போடச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் 5 போட்டுவிட்டார்கள். நம்பலாமா?

பதில்: அது வைத்தியத்துக்குப் போட்ட மார்க் இல்லை, உங்களுக்குப் போட்டது. வீடு தேடி வந்து கேட்கிற பிள்ளையிடம் யார் குறை சொல்வார்கள், அதுவும் நாளைக்கே திரும்ப அங்கேதான் போய் நிற்க வேண்டும் என்னும்போது? ஒரு பாட்டி என்னிடம் "நல்லாத்தான் பாக்குறாங்க சாமி" என்று சொல்லி 5 போட்டார். சரி, போன தடவை சுகர் மாத்திரை எத்தனை நாளைக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். ஒரு மாதத்துக்கு வர வேண்டியது, 10 நாளைக்குத்தான் கொடுத்திருந்தார்கள், மற்ற அட்டையெல்லாம் மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கியது, பில்லும் அதே பையில் கிடந்தது. அதனால் திருப்தியா என்று கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், டாக்டர் இருந்தாரா, கையில் பட்டை கட்டி பி.பி. பார்த்தார்களா, எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள்.

கேள்வி: ஓ.பி. வாசலிலேயே நின்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும். ஆனால் அங்கே வராதவர்களை யார் கேட்பது? சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு, அதில் பஸ் இல்லாத கடைசிக் குடியிருப்பும் அடக்கம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பி.பி., சுகர் மாத்திரையை வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறவர்களும் வாசலில் கிடைக்க மாட்டார்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல கேள்வி உண்டு: அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்றால் ஏன்? பக்கத்தில் இல்லை, நேரம் ஒத்துவரவில்லை, ஆள் இருப்பதில்லை, ரொம்ப நேரம் காக்க வைக்கிறார்கள், சரியாகப் பார்ப்பதில்லை என்று பதில்களைத் தனித்தனியாகக் குறிப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போவதானால் சாயந்தரம் 6 மணிக்கு மேல் போங்கள், பகலில் போனால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரும் சிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்கலாமா?

பதில்: யாருக்கு ஞாபகம் இருக்கும்? தேசிய மாதிரி ஆய்விலேயே ஆஸ்பத்திரியில் படுத்ததற்குத்தான் கடந்த 365 நாளைக் கேட்கிறார்கள், சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்குக் கடந்த 15 நாள்தான். தேதி கேட்காமல் ஆடிப்பெருக்குக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று பதில் வரும்.

கேள்வி: 384 பேரிடம் கேட்டால் போதும் என்கிறார் கைடு. சரியா?

பதில்: 95 சதவீத நம்பகத்தோடு, விடை 5 சதவீதப் புள்ளி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றால் சரி. ஆனால் அந்தக் கணக்கு மொத்த ஜனத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பதற்கு. நீங்கள் எட்டு ஊரைப் பொறுக்கி வரிசையாக வீடு ஏறப் போகிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே பஸ்ஸில் போய் அதே நர்ஸம்மாவைப் பார்த்தவர்கள், பதிலும் ஒரே மாதிரிதான் வரும். ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு வையுங்கள்.

கேள்வி: ஊர் தெரியாது. கிராம சுகாதார செவிலியரையே கூட அழைத்துப் போகலாமா?

பதில்: தெருவைக் காட்டட்டும், திண்ணைக்கு வர வேண்டாம். அவர் நின்றால் எல்லாமே 5தான்.

கேள்வி: நான் வார்டு உறுப்பினர். எடுத்த சர்வேயை வைத்து என்ன செய்வது?

பதில்: கிராம சபையில் வையுங்கள், இப்போது வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. பெயர் எதையும் வாசிக்காதீர்கள், சின்ன ஊரில் "மாத்திரை கிடைக்காத 70 வயதுப் பாட்டி" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே மருத்துவ அலுவலரிடம் ஒரு காப்பி கொடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை கொடுக்காமல் போய், மாத்திரை இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) எப்போது போட்டோம், எப்போது வந்தது என்று அவர் விளக்குவதிலேயே அன்றைய பொழுது போய்விட்டது.