கியர்பாக்ஸ் பாதியில் நிற்கிறது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பட்டறை வேலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘போல்ட்டெல்லாம் கழன்றதும் இரண்டு பேர் பிடித்து கியர்பாக்ஸைப் பின்னால் உருவி எடுத்தார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு ஊர் போடி. ஏலத்தோட்டத்துக்கு அப்பா ஆள் ஏற்றிப்போன மஹிந்திரா சிஜே3பி ஜீப் வீட்டு வாசலில் நிற்கிறது. பெட்ரோல் எஞ்சினை அவர் காலத்திலேயே எடுத்துவிட்டு, வேறு எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் வைத்து டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். கிளட்ச் நழுவுகிறது, பிளேட் மாற்றலாம் என்று நானே இறங்கினேன். முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டும் கழற்றியாகிவிட்டது. ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், கிளட்ச் கேபிள், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் எல்லாம் வெளியே. கியர்பாக்ஸ் அடியில் ஜாக்கி கொடுத்து இழுத்தால் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கீழே இரண்டு விரல் இடைவெளி, மேலே ஒரு விரல்தான். கடப்பாரை வைத்து நெம்பினால் வந்துவிடும் என்கிறான் நண்பன். எஞ்சினையே தூக்கி வெளியே எடு என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, இந்த வேலையை நாமே செய்ய நினைப்பதே பைத்தியக்காரத்தனமா?

ர.

*

அன்புள்ள ர.,

முதலில் கடப்பாரையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஞ்சினையும் தூக்க வேண்டாம். தகவலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: கீழே இரண்டு விரல், மேலே ஒரு விரல். எதுவும் எழுதாமல் ‘வரவில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

கியர்பாக்ஸை எஞ்சினோடு பிடித்திருப்பது போல்ட்தான் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. கியர்பாக்ஸின் மூக்கிலிருந்து இன்புட் ஷாஃப்ட் ஒன்று நீண்டிருக்கும். அது கிளட்ச் பெடலை மிதித்தால் நகரும் ரிலீஸ் பேரிங்குக்குள்ளும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவிலும் நுழைந்து, கிளட்ச் பிளேட்டின் பல்வெட்டில் பொருந்தி, கடைசியில் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பைலட் புஷ் என்ற சிறு உலோக வளையத்துக்குள் போய் உட்காரும். போல்ட்டெல்லாம் கழன்ற பிறகும் இந்த ஷாஃப்ட் உள்ளேயேதான் இருக்கிறது. அதை நேர்கோட்டில் உருவினால் மட்டுமே வரும். மேசை இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் கோணலாகி இறுகுமே, அதே கதை. ஒரு வித்தியாசம், இங்கே இழுப்பறைக்குப் பதிலாக இரும்பு. கோணலாக இழுத்தால் கியர்பாக்ஸின் எடை முழுக்க கிளட்ச் பிளேட்டின் நடுக்குமிழில் தொங்கும். பிளேட் வளையும், ஷாஃப்ட்டின் பல் காயப்படும். நீங்கள் பிளேட்டை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், அது வளைந்தால் போகட்டும். ஷாஃப்ட்டுக்கு மாற்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். இந்த ஜீப்பின் அசல் அமைப்பில் எஞ்சினின் பின்பக்கத்துக்கென்று தனி மவுண்ட் கிடையாது. முன்னால் இரண்டு, பின்னால் கியர்பாக்ஸின் அடியில் கிராஸ் மெம்பர் மேல் ஒன்று, ஆக மூன்று காலில் நிற்கிற ஏற்பாடு. கிராஸ் மெம்பரை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். கியர்பாக்ஸை ஜாக்கி தாங்குகிறது. எஞ்சினின் பின்பக்கத்தைத் தாங்குவது யார்? உங்கள் கடிதத்தில் இரண்டாவது ஜாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கியர்பாக்ஸ் கொஞ்சம் பின்னால் வந்ததுமே எஞ்சினின் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். தாழ்ந்தால் அதன் பின்முகம் மேலே பின்னோக்கிச் சாயும். அதனால்தான் மேலே இடைவெளி குறைவு, கீழே அதிகம். இதுவே தலைகீழாக, மேலே அதிகம் கீழே குறைவு என்று எழுதியிருந்தால், கியர்பாக்ஸின் வால் தொங்குகிறது என்று சொல்லியிருப்பேன்.

எஞ்சினின் பின்பக்கத்தில், அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் விளிம்பை ஒட்டி அகலமான மரப்பலகை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுங்கள். சம்ப்பின் நடுவில் கொடுத்தால் தகடு குழிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இடைவெளியைப் பாருங்கள். சுற்றிலும் நான்கு இடத்தில் அளவு ஒன்றாக வரும்போது நிறுத்துங்கள். அப்புறம் கடப்பாரையைத் தொடவே தேவையிருக்காது, கையால் ஆட்டி ஆட்டி இழுத்தாலே நகரும்.

நகரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இரண்டு. இரண்டு முகங்களையும் நேராகப் பொருத்தி வைக்கும் டவல் பின் என்ற சிறு முளை துருப்பிடித்திருக்குமோ என்று மெக்கானிக் சொல்லக்கூடும். ஒரு விரலுக்கு மேல் வந்துவிட்ட பிறகு டவல் பின்னுக்கு அங்கே வேலையில்லை, அதன் நீளமே அவ்வளவு இருக்காது. முதலாவது, மேலே ஒரு நீள போல்ட் தளர்ந்தும் முழுக்கக் கழலாமல் நூலில் நிற்கிறதா என்று பாருங்கள். தரையில் கியர் லீவரைச் சுற்றியிருக்கும் மூடித் தகட்டைக் கழற்றினால் மேலிருந்தே டார்ச் அடித்துப் பார்க்கலாம். அடாப்டர் பிளேட் இருக்கும் வண்டியில் எந்த போல்ட் எதைப் பிடிக்கிறது என்பதே ஒரு குழப்பம். சில போல்ட் பிளேட்டை எஞ்சினோடு பிடிக்கும், சில பெல் ஹவுசிங்கைப் பிளேட்டோடு பிடிக்கும். இதை முதலிலேயே ஒரு அட்டையில் வட்டமாக வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு போல்ட்டைக் குத்தி வைத்துவிட்டால் நீளமும் மாறாது, எண்ணிக்கையும் தப்பாது.

இரண்டாவது, பைலட் புஷ். எஞ்சின் மாற்றிய வண்டி என்றீர்கள். அந்த கிராங்க்கின் ஓட்டைக்கும் இந்த ஷாஃப்ட்டின் மூக்குக்கும் பொருந்துகிற மாதிரி புஷ்ஷை யாரோ லேத்தில் கடைந்து போட்டிருக்க வேண்டும். இறுக்கமாகக் கடைந்திருந்தால் மூக்கைக் கவ்விக்கொள்ளும். கியரை டாப்பில் போட்டு, கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டி, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸை ஹையில் வைத்து, பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் பூட்டும் ஃபிளாஞ்சைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இழுங்கள். ஷாஃப்ட் அசைய அசையப் பிடி தளரக்கூடும். எனக்குச் சந்தேகம் புஷ் மேல் இல்லை, எஞ்சின் தாழ்ந்ததுதான் காரணம் என்றே தோன்றுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறீர்களா? இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்வாயில், புரொப்பல்லர் ஷாஃப்ட் பிடிக்கிற இடத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய நிமிடமே ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிட்டது. கியரில் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. போடியில் சமதளமான வாசல் எத்தனை வீட்டுக்கு இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், சேசிஸை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், அதற்குப் பிறகுதான் அடியில் படுக்க வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் படுக்கக் கூடாது. ஸ்டார்ட்டரைத் தொடுமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த ஜீப்பின் மூலமான வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்தே டிரான்ஸ்பர் கேஸ் நடுவில் இல்லை, வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. கியர்பாக்ஸும் அதுவும் ஒன்றாகத்தான் இறங்கும். எஞ்சினை விட்டு விடுபட்டதும் மொத்த எடையும் வலப்பக்கம் உருளப் பார்க்கும். ஜாக்கியின் தலையில் பலகை வைத்து, கயிற்றாலோ பெல்ட்டாலோ கட்டிவிட்டு, வலப்பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். கடப்பாரை நண்பருக்கு இது ஏற்ற வேலை.

நாமே செய்வது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நான்கே நான்கு பிடிமானம். அங்கே கியர்பாக்ஸ் வண்டியோடு நிற்கும், பின்னாலிருந்து எஞ்சின்தான் இறங்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-ல் வந்த மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், சம்ப்புக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில். இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் மொத்தமாக வெளியே தூக்கித்தான் ஆக வேண்டும். ஓட்டுபவனுக்கு இடம் மிச்சம் பிடித்தவர், கழற்றுபவனைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. பல டிராக்டர்களில் சேசிஸே கிடையாது, எஞ்சினும் கிளட்ச் ஹவுசிங்கும் கியர்பாக்ஸும்தான் முதுகெலும்பு. கிளட்ச் மாற்ற வண்டியையே இரண்டாகப் பிரிப்பார்கள். ஆட்டோமேட்டிக் காரிலோ கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் போல்ட்டை முதலில் சிறு ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடுதான் வர வேண்டும், எஞ்சினில் தங்கிவிட்டால் ஆயில் சீலும் பம்ப்பும் போகும். அந்த வேலையை வாசலில் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். ஜீப் அப்படியல்ல. போர்க்களத்தில் கழற்றி மாட்டுவதற்கென்று பிறந்த வண்டியின் வாரிசு அது. தாராளமாகச் செய்யலாம்.

கியர்பாக்ஸ் வெளியே வந்தபிறகு அவசரப்படாதீர்கள். பிளேட் மட்டும் மாற்றி மூடிவிட்டால், ரிலீஸ் பேரிங்குக்காக மறுபடி இதே வேலையைச் செய்ய நேரிடும். பேரிங், புஷ், கிராங்க்கின் பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட் உரசும் பிளைவீல் சக்கரத்தின் முகம் நான்கையும் பாருங்கள். பிளேட்டில் எண்ணெய் இருந்தால் நழுவியதற்குத் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்காது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் போடக் கூடாது. புஷ் தேய்ந்திருந்தால் அதை எடுக்கப் பட்டறையில் ஒரு வித்தை உண்டு. ஓட்டை நிறைய கிரீஸ் அடைத்து, அதே விட்டமுள்ள கம்பியைச் செருகி சுத்தியலால் தட்டினால், கிரீஸுக்குப் போக வேறு வழியில்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். புது புஷ் கடையக் கொடுக்கும்போது பழையதையும், ஷாஃப்ட் மூக்கின் அளவையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழையதை மட்டும் காட்டினால் தேய்ந்த அளவுக்கே கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

மாட்டும்போதும் இதே விதிதான். பிரஷர் பிளேட்டை இறுக்குமுன் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை இரவல் வாங்கிச் செருகி, கிளட்ச் பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கியர்பாக்ஸ் கையால் தள்ளியே எஞ்சின் முகத்தில் சுற்றிலும் உட்கார வேண்டும். கடைசி ஒரு விரல் இடைவெளியை போல்ட்டை இறுக்கி மூடலாம் என்று தோன்றும், அப்படித்தான் ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காது உடைகிறது. உட்காராவிட்டால் பின்னால் இழுத்து, ஃபிளாஞ்சைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள்.